இருபதாவது கடிதம்

மழை அடிக்கடியும் வெயில் அரிதாகவும் வரும் ஒரு தீவு. காப்போர் என்ற கட்சி அதை நெடுங்காலமாக ஆண்டு வந்தது. இடையில் தோற்ற காலங்களும் உண்டு. அவற்றை அவர்கள் ஓய்வு என்று குறிப்பிட்டார்கள்.

காப்போருக்கு ஒரே கொள்கை. முன்னோர் விட்டுப்போனதைக் காப்பது. மறுகரைக்குப் போகும் பாலத்தை முன்னோர் விட்டுப்போயிருந்தார்கள். தெற்கே கடலைத் தடுத்து நிற்கும் கல்சுவரை விட்டுப்போயிருந்தார்கள். ஆட்சி அவை கூடும் மண்டபத்து வாசலில் ஒரு தேக்குப் பெட்டியையும் விட்டுப்போயிருந்தார்கள்.

பெட்டி ஒரு காலத்தில் நெல் கொட்டிவைக்கும் பத்தாயமாக இருந்தது. படுத்த எருமை அளவு இருக்கும். மேல் பக்கம் ஒரு துளை. தலைவர் மீது நம்பிக்கை இழந்த அவை உறுப்பினர் ஒரு கடிதம் எழுதிப் பெட்டிக்காரர் கையில் கொடுப்பார். அவர் அதைத் துளையில் போட்டு மனத்துக்குள் எண்ணிக்கொள்வார். இருபது சேர்ந்தால் வாசலில் நின்று "ஆயிற்று" என்பார். தலைவர் பதவி போய்விடும். அதுவரை எண்ணிக்கையை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. மனைவியிடமும் கூடாது. காப்போர் எதையும் எறிவதில்லை என்பதால், விழுந்த தலைவர்கள் மீதான கடிதங்களும் பெட்டியிலேயே கிடந்தன.

பெட்டிக்காரர் அரியநாயகம். முதல் பதினெட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை "ஆயிற்று" என்றவர். அடுத்த ஆறு ஆண்டுகளில் மூன்று முறை சொல்லிவிட்டார். அவர் வீடு தெற்கே, கீழ்க்கரைத் தெருவில் இருந்தது. சுவருக்கும் அவர் வாசலுக்கும் பதினைந்து அடி. அந்தத் தெருவில் முந்நூறு வீடுகள்.

மூன்று தலைவர்களும் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மலைமேல் வசிக்கும் கட்சியின் மூத்தோர். அங்கிருந்து கடல் தெரியாது. தேர்வான தலைவர் மண்டபத்தின் பெரிய சன்னலருகே அமர்வார். சன்னலுக்கு வெளியே, சதுக்கத்தில், பேரின்பன் என்பவன் ஒரு கட்டைவண்டி மேல் நின்று கத்திக்கொண்டிருப்பான். முன்பு காப்போரில் இருந்தவன். இவர்கள் காப்பது போதாது என்று சொல்லி வெளியேறியவன். அவனைக் காப்போர் எல்லோரும் இகழ்ந்தார்கள். அவன் பேசும்போது சன்னலை மட்டும் சாத்துவதில்லை.

"நாம தீவா, இல்லையா? தீவுக்கு எதுக்குடா பாலம்?" என்று பேரின்பன் ஒரு நாள் கேட்டான். செண்பகராயர் தலைவராக இருந்தார். மறு வாரம் பாலத்தை இடித்தார். தீவு இனி முழுமையான தீவு என்று அறிவித்தார். பாலம் வழியாகத்தான் சுவருக்குக் கல் வந்துகொண்டிருந்தது. கல் வேலைக்காரர்களும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். இது பிறகு தெரிந்தது. பெட்டி நிறைந்தது.

அடுத்தவர் குலோத்துங்கர். மலை வீடுகளுக்கு வரி வேண்டாம் என்றார். மேலே பெய்வது கீழே வந்துதானே ஆக வேண்டும் என்று விளக்கினார். ஒரு வாரத்தில் அரிசி விலை இரட்டிப்பானது. பதவியேற்பு மாலையை அவர் ஆணியில் மாட்டியிருந்தார். அது காயும் முன்பே அரியநாயகம் வாசலுக்கு வந்து "ஆயிற்று" என்றார்.

மூன்றாமவர் தணிகைநாதர். அவர் காலத்தில் மறுகரையிலிருந்து சிலர் தோணியில் வந்து இறங்கினார்கள். பேரின்பனின் குரல் கட்டியது. தணிகைநாதர் கடற்கரை முழுவதும் அறிவிப்புப் பலகை நட ஆணையிட்டார். "அனுமதியின்றி வராதே." மொத்தம் நாற்பது பலகை. மணலில் கம்பம் நிற்கவில்லை. எனவே சுவரின் அடியைத் தோண்டி நட்டார்கள். முப்பத்தோராவது குழியில் சுவர் சரிந்தது. ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுக்குத் திறப்பு. அதன் வழியாக அலை தெருவை எட்டிப் பார்த்தது. அது எந்த மொழிப் பலகையையும் படிக்கவில்லை.

அரியநாயகம் சுவரைச் செப்பனிட ஓர் ஆணை எழுதித் தலைவர் மேசையில் வைத்தார். அதே நாளில் இருபதாவது கடிதமும் வந்தது. தலைவர் விழுந்தால் அவர் மேசையில் உள்ள காகிதம் எதுவும் செல்லாது. அது மரபு. அரியநாயகம் தம் வாயாலேயே "ஆயிற்று" என்று சொல்லித் தம் ஆணையைச் செல்லாததாக்கினார்.

இப்போது நான்காமவர், உமையாள் அம்மையார். ஆணை மறுபடி எழுதப்பட்டது. அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள். ஐப்பசி அமாவாசையில் கடல் ஓர் ஆள் உயரம் ஏறும்.

வீட்டில் அரியநாயகத்தின் மனைவி வடிவு பாத்திரங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து ஆச்சாங்க?"

"நாளைக்கு."

"நாளைக்கு, நாளைக்குன்னு நாலு தலைவர் போயாச்சு."

"மூணு."

"நாலாவது எப்போ?"

பெட்டியில் உமையாள் அம்மையார் மீது பத்தொன்பது கடிதம் சேர்ந்திருந்தது.

"சொல்ல மாட்டீங்க. மரபு. ஒண்ணு மட்டும் கேக்கறேன், அதுக்காவது பதில் சொல்லுங்க. உங்க கட்சிக்குக் காப்போர்னு பேரு. எதைங்க காக்கறாங்க?"

"அந்த அண்டாவை இங்க குடு," என்றார் அரியநாயகம்.

மறுநாள் அவர் உமையாள் அம்மையார் முன் நின்றார். தலைமைச் செயலர் வச்சிரவேலர் ஆணையை விரித்துப் பிடித்திருந்தார். அம்மையார் பேனாவில் மை தொட்டார். பிறகு தலையைச் சன்னல் பக்கம் சாய்த்தார்.

"சுவரைப் பற்றி அவன் என்ன சொல்கிறான்?"

"இன்று காலை முதல் தோணிகளைப் பற்றி, அம்மையார் அவர்களே," என்றார் வச்சிரவேலர். "நடுவில் சிறிது நேரம் பழைய நாணயங்களைப் பற்றி. சுவரைப் பற்றி ஒன்றும் இல்லை."

"அப்படியானால் மக்களுக்கு அதில் அக்கறை இல்லை என்று பொருள்."

"தங்கள் கணிப்பு துல்லியமானது."

"அம்மா," என்றார் அரியநாயகம், "நாலு நாள்ல அமாவாசை. தெருவுல முந்நூறு குடும்பம் இருக்கு."

"அவர்கள் நமக்கு வாக்களித்தார்களா?"

"போன தடவை வரைக்கும்."

அம்மையார் பேனாவை வைத்தார். "நாளை மறுநாள் மாநாடு கூடுகிறது. கட்சி எந்தத் திசையில் செல்வது என்பதைத் தீர்மானிக்கப் போகிறோம். திசை தெரியாமல் ஒரு தலைவர் எதிலும் கையெழுத்திடுவது பொறுப்பற்ற செயல். மாநாடு முடியட்டும். அதுவரை நான் பதவியில் இருந்தால் கையெழுத்திடுகிறேன். இருப்பேன் அல்லவா, அரியநாயகம்?"

"எண்ணிக்கையைச் சொல்லக் கூடாதும்மா."

"நீர் சிறந்த காப்போர்."

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருவர் முக்காட்டுடன் பெட்டியருகே வந்தார். முக்காடு விலகியது. வச்சிரவேலர்.

"பிடியும்," என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

"காலையில கணிப்பு துல்லியம்னீங்களே, ஐயா."

"துல்லியமாகத்தான் சொன்னேன். அந்த அம்மாவால வெளிய கத்தறவனை மாதிரிக் கத்த முடியல. நான் வீட்டுல கத்திப் பழகிட்டிருக்கேன். நல்லா வருது." குரலைத் தாழ்த்தினார். "இது எத்தனையாவது?"

"சொல்லக் கூடாது."

"உம்மோட முகத்தைப் பார்த்தா இருபது மாதிரித் தெரியுதே."

"என் முகம் எப்பவும் இப்படித்தான்."

வச்சிரவேலர் போன பிறகு அரியநாயகம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துளையில் போட்டால் "ஆயிற்று". ஆணை மூன்றாம் முறை எழுத வேண்டும். புதிய தலைவருக்கு மலைமேல் தேர்வு நடக்கும். அதற்குள் அமாவாசை போய்விடும். இருபத்து நான்கு ஆண்டுகளில் எந்தக் கடிதமும் அவர் கையில் மூச்சு விடும் நேரத்துக்கு மேல் தங்கியதில்லை. அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வடிவிடம் சொல்லவில்லை.

மாநாடு மூன்று நாள் நடந்தது. அரியநாயகம் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டார். முன்னோர் வழியே போக வேண்டும் என்று ஒரு பிரிவு சொன்னது. முன்னோர் போதிய அளவு முன்னோராக இல்லை என்று மறு பிரிவு சொன்னது. பாலம் இடித்ததில் தவறில்லை, இடித்த விதத்தில் ஊக்கம் போதவில்லை என்று ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நடுநடுவே யாராவது எழுந்து சன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தார்கள். இரண்டாம் நாள் நாற்காலிகளைச் சன்னல் பக்கம் நகர்த்தினார்கள். மூன்றாம் நாள் பதினோரு உறுப்பினர்கள் சன்னல் வழியாகவே இறங்கிப் பேரின்பனின் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். மீதி இருந்தவர்கள் அவர்களைத் துரோகிகள் என்றார்கள். வண்டியில் இன்னும் இடமிருக்கிறதா என்றும் பார்த்தார்கள்.

இறுதியில் உமையாள் அம்மையார் எழுந்தார். இடுப்பில் கடிதம் உறுத்த அரியநாயகம் முன்னால் போய் நின்றார்.

"நான் இன்னும் பதவியில் இருக்கிறேன்," என்றார் அம்மையார். "ஆகவே கட்சி என் பின்னால் நிற்கிறது. அந்தத் துணிவில் ஓர் ஆணை பிறப்பிக்கிறேன். சுவர் உடைந்தது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. நம் முன்னோர் கட்டிய சுவர் உடையாது. உடைந்தது என்பவர் முன்னோரை இழிவு செய்கிறார். உடையாத சுவரைச் செப்பனிடுவது வீண் செலவு."

கைதட்டல் எழுந்தது. வச்சிரவேலர்தான் கடைசியாக நிறுத்தினார். சுவர் ஆணையை எடுத்து நான்காகக் கிழித்ததும் அவர்தான்.

அரியநாயகம் வாசலுக்குப் போனார். இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்துத் துளையில் போட்டார்.

"ஆயிற்று," என்றார்.

எல்லோரும் மலைப்பாதையை நோக்கி ஓடினார்கள். மூத்தோரை முதலில் பார்ப்பவருக்கு அனுகூலம். உமையாள் அம்மையாரும் ஓடினார். மறுபடி போட்டியிடத் தடையில்லை. மண்டபத்தில் அரியநாயகமும் பெட்டியும் மட்டும் மிஞ்சினார்கள்.

அன்று அமாவாசை. பிற்பகல் மூன்று மணிக்கு அலை திறப்புக்குள் முழங்கால் அளவு வந்தது. தெருக்காரர்கள் மணல் மூட்டை போட்டார்கள். அலை மூட்டையை உருட்டிக்கொண்டு போய் யார் வீட்டு வாசலிலோ வைத்தது. வடிவு இடுப்பளவு நீரில் நின்று மூட்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கனமா ஏதாவது வேணும்!" என்று கத்தினாள். "மூட்டை நிக்கல! கல்லு இல்லையா இந்தத் தீவுல?"

"எல்லாம் மறுகரையில இருக்கு," என்றான் பக்கத்து வீட்டுப் படகோட்டி மாயாண்டி. "பாலத்தைத் தாண்டி."

அரியநாயகம் திறப்பைப் பார்த்தார். அகலத்தைக் கையால் சாண் போட்டார். நிமிர்ந்தார்.

"மாயாண்டி, எட்டு ஆளைக் கூட்டிட்டு வா. ரெண்டு மூங்கில் எடுத்துக்க."

மண்டபத்து வாசலில் மாயாண்டி தயங்கினான். "ஐயா, இது பெட்டிங்க."

"தேக்கு. தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது."

"முன்னோர் வச்சதாச்சே."

"சுவரும்தான். பிடி."

எட்டுப் பேர் சுமந்து இறங்கினார்கள். உள்ளே பாதி அளவு கடிதம். மூடியைப் பெயர்த்து மீதியைக் களிமண்ணால் நிரப்ப நேரமில்லை. துளை தெருப் பக்கம் பார்க்க, பெட்டியைத் திறப்பில் இறக்கினார்கள். இரு பக்கமும் களிமண் அப்பினார்கள். அலை வந்து மோதியது. பெட்டி ஒரு முறை முனகி அசைந்தது. வடிவும் இன்னும் பத்துப் பெண்களும் முதுகைக் கொடுத்து நின்றார்கள். அடுத்த அலைக்கும் அசைந்தது. அதற்கடுத்ததற்கும் அசைந்தது, ஆனால் விழவில்லை. இருட்டும் முன் கடல் இறங்கத் தொடங்கியது.

"இன்னும் லேசா ஆடுதுங்க," என்றாள் வடிவு, முதுகை எடுக்காமல். "பாதிதான் நிறைஞ்சிருக்கு. நிறைஞ்சா நிக்கும்."

"கடல் மறுபடி ஏறப்போறது பௌர்ணமிக்கு. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு," என்றார் அரியநாயகம்.

மறுநாள் காலை செய்தி வந்தது. மூத்தோர் வச்சிரவேலரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவருடைய குரல் மலையிலிருந்தே கேட்டது. கீழ்க்கரைத் தெருவில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குத் தெருமுனையில் அவை உறுப்பினர்கள் வந்தார்கள். வேட்டியைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மண்டபத்தில் பெட்டியைக் காணாமல் தேடி வந்தவர்கள். பெட்டி இருக்கும் இடத்தைக் கண்டு ஒருவரும் வியக்கவில்லை. பின்னால் கடல் இருப்பதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். முதல் ஆள் உமையாள் அம்மையார்.

"புதியவர் வந்து ஒரு நாள் ஆகிறது," என்றார் அவர். "நாடு இனியும் பொறுக்காது."

வரிசையின் பின்பகுதியில் பேரின்பனின் வண்டியில் ஏறிய பதினோரு பேரும் நின்றார்கள்.

"உங்களுக்கு இங்க என்னய்யா வேலை?" என்றான் மாயாண்டி.

"வண்டியில் பெட்டி இல்லை," என்றார் ஒருவர் சங்கடத்துடன். "இது பேரின்பன் மீது."

அரியநாயகம் கடிதங்களை ஒவ்வொன்றாக வாங்கித் துளையில் போட்டார். ஈரம் பட்ட தாள்கள் உப்பி ஒன்றோடொன்று இறுகின. ஓர் அலை வந்து பின்னால் மோதியது. பெட்டி சற்றே முனகியது. முன்னளவு அசையவில்லை.

உமையாள் அம்மையார் போகவில்லை. பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு ஆயிற்று? எனக்கு மட்டும் சொல்லும்."

எண்ணிக்கை இருபதைத் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. அரியநாயகம் குனிந்து துளைக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போயிற்று.

"போதாதும்மா," என்றார். "இன்னும் எழுதணும். எல்லாரையும் எழுதச் சொல்லுங்க."

வடிவு வீட்டுக்குள் போய், அவர்கள் உட்கார்ந்து எழுத ஒரு பாய் கொண்டுவந்து விரித்தாள்.