கணக்கு மேகத்தில் இருக்கிறது

சுவரில் இருந்த திரை சிவப்பானபோது கண்திட்டம் தேநீரை ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. 'மூலப்பொருள் குறைகிறது' என்று பெரிய எழுத்தில் மின்னியது.

எழுந்துபோய்க் கிடங்கை எட்டிப் பார்த்தார். பஞ்சுப் பொதிகள் பாதிச் சுவர் உயரத்துக்குச் சாய்ந்து படுத்திருந்தன.

"குறையிற மாதிரி தெரியலையே..." என்று முனகினார்.

அந்தத் தலையணைத் தொழிற்சாலையின் கிடங்கு மேலாளர் அவர். எதையும் அளக்க மாட்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னும் தாங்கும்" என்பார். அதனால்தான் கண்திட்டம் என்ற பெயர். போன மழைக்காலத்தில் அந்தக் கண் காலை வாரிவிட்டது. பஞ்சு தீர்ந்துபோய், தையல் பகுதி முழுவதும் வெற்று உறைகளை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டது. பார்த்தார் முதலாளி. தரவுகளை அலசி ஆராயும் மென்பொருள் ஒன்றுக்குச் சொல்லி, சுவரில் திரையையும் மாட்டிவிட்டார்.

"இனிமே கண்ணை நம்பாதே. கணக்கெல்லாம் மேகத்துல இருக்காம்யா. எவ்வளவு இருக்கு, எப்ப வாங்கணும், எல்லாத்தையும் அதுவே சொல்லிடும். நான் ஊருக்குப் போயிட்டு வரேன். திரை சொன்னதை மீறினே, அப்புறம் நீ வீட்டுலயே இருந்துக்கலாம்."

வேலை போய்விடுமே! கண்திட்டம் பஞ்சு வியாபாரிக்குப் போன் செய்தார். பேசி முடித்து நிமிர்ந்தால் திரை பச்சை. 'கையிருப்பு சரியான அளவில் உள்ளது.'

"பார்த்தியாம்மா! நான் போன் பண்ணினது அதுக்குள்ள மேகத்துக்கு எட்டிடுச்சு!"

தையல் பகுதி மேற்பார்வையாளரிடம்தான் சொன்னார். வாயின் கூர்மைக்காக அவளுக்கு ஊசி என்று பெயர்.

"மூலப்பொருள்னா பஞ்சா, துணியா, நூலாண்ணே?"

"தலையணைக்கு உயிரே பஞ்சுதானேம்மா. துணியையா நிரப்பப் போறோம்?"

திரையிலிருந்து எந்நேரமும் மெல்லிய இசை ஒன்று வழிந்துகொண்டிருந்தது. அதற்கு ஊசியே தலையாட்டினாள்.

லாரி வந்தது. பொதிகளை இறக்கி முடித்ததும் திரை மஞ்சளானது. 'கையிருப்பு மிகுதி.' கண்திட்டம் அரக்கப் பரக்கப் பாதிப் பொதிகளை உணவறைக்குத் தள்ளச் சொன்னார். திரும்பி வந்தார். பச்சை!

அப்பாடா என்று உட்காருவதற்குள் சிவப்பு.

"உணவறையில வெச்சது அது கண்ணுக்குத் தெரியலை போலிருக்கு. தீர்ந்துடுச்சுன்னு நினைச்சிடுச்சு," என்று தலையில் கை வைத்தவர், இந்த முறை இரு மடங்காக வரவழைத்தார்.

அதன்பிறகு மஞ்சளுக்கு ஒளித்தார், சிவப்புக்கு வாங்கினார். மாடிப்படி நிறைந்தது. முதலாளியின் அறை நிறைந்தது. கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி ஒரு பொதி கிழிய, பஞ்சு எழும்பிப் பறந்தது.

"அண்ணே, என் தையல் மெஷினைக் காணோம்," என்றாள் ஊசி, வெண்மைக்குள் எங்கிருந்தோ.

"தலைக்கு மேல பஞ்சு போயாச்சு. இனிமே சாண் என்ன, முழம் என்ன?"

ஜன்னல் வெயிலில் துகள்கள் மெல்ல மெல்லச் சுழன்றன. இயந்திரச் சத்தம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கியது. ஒருவரும் உரக்கப் பேசவில்லை. பெண்கள் பாதிக் கண் மூடித் தைத்தார்கள். அதட்ட வேண்டிய கண்திட்டமோ, திரையின் எதிரே ஒரு பொதியில் சாய்ந்து, நிறம் மாறுவதைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தார். பஞ்சு தீர்ந்துவிடுமோ என்ற பழைய பயம் நெஞ்சைவிட்டு எங்கோ போய்விட்டது.

வீட்டில் மனைவிக்கே ஆச்சரியம்.

"என்னங்க, இப்பல்லாம் தலையைச் சாய்ச்சதும் தூங்கிடறீங்க?"

"எனக்குப் பதிலா கவலைப்பட ஒருத்தர் வந்தாச்சுல்ல."

"யாரு அது?"

"மேகத்துல இருக்கார்."

அவள் அவர் காதோரத்திலிருந்து பஞ்சை எடுத்து ஊதினாள். "கொஞ்சம் இங்கேயும் ஒட்டியிருக்கார்."

முதலாளி ஊரிலிருந்து திரும்பிய அன்று, வாசலிலிருந்து நீந்தித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. மீசையெல்லாம் பஞ்சு. கண்திட்டம் பொதியிலிருந்து எழுந்து நின்றார். இன்றோடு வேலை முடிந்தது!

"என்னய்யா இதெல்லாம்?" என்று கத்த வாயைத் திறந்த முதலாளி, திரையைப் பார்த்ததும் அடங்கினார். பச்சை.

"சரியான அளவுன்னு போட்டிருக்கே!"

"ஆமாங்க."

"நம்ம கண்ணுக்குத்தான் அதிகமா தெரியுது, இல்லே?"

"கண்ணை நம்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முதலாளி பக்கத்துப் பொதியில் உட்கார்ந்தார். அது அவரை அப்படியே உள்வாங்கிக்கொண்டது. இசை வழிந்தது. அவர் முகத்திலும் ஒரு புன்னகை பரவியது. "அருமையான ஏற்பாடுய்யா. உனக்குச் சம்பளத்தைக் கூட்டிடலாம்..."

திரை சிவந்தது.

"ஏன்யா பார்த்துட்டு நிக்கிறே? போனைப் போடு!" என்று முதலாளியே துள்ளி எழப் பார்த்து, எழ முடியாமல் மறுபடி அமிழ்ந்தார்.

கண்திட்டம் போனை எடுத்தபோது, பஞ்சை விலக்கிக்கொண்டு ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். தோளில் மடிக்கணினிப் பை. மென்பொருள் நிறுவனத்திலிருந்து வருவதாகச் சொல்லி, தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வர்றதுக்குத் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க சார். திரையில திரும்பத் திரும்ப ஓடற இந்த விளம்பரப் படத்தை நிறுத்திடுங்க. உங்க கிடங்குக் கணக்கை இனிமேதான் ஏத்த ஆரம்பிக்கணும்."