ஏலப்பாறைக் குளவியின் அங்க லட்சணம்

ஏலப்பாறை,
அக்ஷய வருஷம், கார்த்திகை 9

கம்பத்தில் ஓய்வாக இருக்கும் தமிழ் வாத்தியார், என் மனைவியைப் பெற்ற மாமா பெரியமுத்து அவர்களுக்கு, தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் ரைட்டரும் தங்கள் மாப்பிள்ளையுமான நல்லதம்பி வணங்கி எழுதியது. இங்கே நானும் பூச்சிகளும் சுகம். அங்கே தாங்களும், அத்தையும், மூன்று மாதமாகத் திரும்பி வராத என் மனைவி ராமுத்தாயும் சுகமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு வேறு வேலை என்ன?

தங்கள் திருமுகம், அதாவது தபால் கார்டு, கிடைத்தது. "குழவி விஷயம் அறிந்து மகிழ்ந்தோம். ராமுத்தாயை இப்போதைக்கு மலையேற்றுவதாக இல்லை." இரண்டே வரி. அதில் அந்த 'மகிழ்ந்தோம்' இருக்கிறதே, பிரம்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. ஏன் இந்தக் கோபம் என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தேன். பக்கத்து மேசை காளிச்சாமிதான் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, போன கடிதத்தில் நான் எந்த எழுத்துப் போட்டேன் என்று கேட்டார். நகலை எடுத்துப் பார்த்தேன். குளவி என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் சிறப்பு ழகரம் போட்டுக் குழவி என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். குழவி என்றால் அம்மியில் உருட்டுகிற கல், இல்லாவிட்டால் கைக்குழந்தை. கல்லுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. ஆகவே, "புதிய குழவி ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அடுத்தவர் உடம்பில் வளர்ந்தது, ஆண் யாரென்று தெரியவில்லை, துரை அதற்கு என் பெயரையே வைக்கச் சொல்கிறார்" என்று நான் எழுதியதைப் படித்துத் தாங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்பது புரிகிறது. நாற்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளின் ழகரத்தைத் திருத்திய கை, மாப்பிள்ளையின் ழகரத்தை மட்டும் அப்படியே நம்பிவிட்டது. பெருமையாக இருக்கிறது.

ஆகையால் மாமா, அது பிள்ளை அல்ல, பூச்சிதான் என்று ருசுப்படுத்த, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த அங்கங்களை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். மொத்த உடம்பும் ஒரு சீரகத்தின் நீளம். நிறம் மஞ்சள், தலை மட்டும் கறுப்பு. பக்கத்துக்கொன்றாகப் பெரிய கண் இரண்டு, உச்சந்தலையில் முக்கோணமாகக் குட்டிக் கண் மூன்று, ஆக ஐந்து. இந்தத் தோட்டத்தில் அத்தனை கண்ணோடு பிறந்த பிள்ளை எதுவும் இல்லை. கங்காணி வீட்டிலும் விசாரித்துவிட்டேன். உணர்கொம்பு இரண்டு, ஒவ்வொன்றிலும் முப்பத்தொரு கணு, மூன்று தடவை எண்ணினேன். கால் ஆறு. சிறகு நான்கு, முன்சிறகின் ஓரத்தில் மை சொட்டியது போல ஒரு கரும்புள்ளி. இடுப்பு என்று ஒன்று இருப்பதே சந்தேகம், வெறும் நூல்தான். வாலில் உடம்பைவிட நீளமான ஊசி, அது முட்டையிடுவதற்கு. பிரித்துப் பார்த்தால் நடுவில் ஊசி, இருபுறமும் உறை. தேயிலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே கிடக்கிற புழுவைக் கண்டுபிடித்து, வெளியே நின்றபடியே அதன் உடம்புக்குள் முட்டையை இறக்கிவிடும். அந்துப்பூச்சி வருமென்று நான் டப்பியில் வளர்த்த புழுவிலிருந்து இதுதான் வந்தது. எங்கள் தோட்டத்துத் துரை தம் பூச்சிப் புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டு, உலகத்தில் யாரும் இன்னும் இதை எழுதிவைக்கவில்லை என்றார்.

அதன் குஞ்சு செய்கிற காரியம்தான் ரொம்ப சுவாரசியம். புழுவுக்குள்ளேயே பிறந்து உள்ளிருந்தே தின்னும். புழு செத்துப்போனால் சாப்பாடு நின்றுவிடும் பாருங்கள், அதனால் உயிர்நிலையை விட்டுவிட்டுக் கொழுப்பை மட்டும் நிதானமாகத் தின்னும். புழுவும் மரியாதைக்கு நடமாடிக்கொண்டிருக்கும். போன சித்திரையில் தாங்கள் நாலு நாளைக்கென்று வந்து எங்கள் இரண்டறை வீட்டில் நாற்பத்தாறு நாள் தங்கியது ஏனோ எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சாஸ்திர விஷயமாகச் சொல்கிறேன்.

இப்பச் சொல்லுங்க மாமா, ஆறு காலும் அஞ்சு கண்ணும் உள்ள ஒண்ணுக்காக என் பொண்டாட்டியைப் பிடிச்சு வச்சுக்கிறது நியாயமா? சோத்தை நானே வடிச்சு, நானே கரிய விட்டு, நானே தின்னுக்கிட்டு இருக்கேன். மழை விட்டபாடில்லை, பேச ஆளில்லை. அவ இல்லாம வீடு வீடா இல்லை. எனக்கு அவ வேணும். குமுளி வரைக்கும் கொண்டுவந்து விட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் தமிழ் வளர்க, சந்தேகம் குறைக.

இப்படிக்கு,
பூச்சிக்கு மட்டுமே தகப்பனான
நல்லதம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயம் தபால்காரர் சுடலை வந்து ராமுத்தாயின் கார்டைக் கொடுத்தார். என் போன கடிதத்தைத் தாங்கள் பூச்சியென்றே சரியாக வாசித்து, எட்டு ழகரத்தையும் சிவப்பு மசியால் திருத்தி வைத்திருக்கிறீர்களாம். கார்டில் தாங்கள் எழுதியதுதான் நிஜக் குழவியாம். அவளுக்கு இது ஆறாம் மாசமாம், மலைப்பாதையில் வண்டி ஆட்டம் ஆகாது என்று மருத்துவச்சி சொன்னாளாம். வேறு கடிதம் எழுத நேரமில்லை, சுடலை பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆகவே நாற்பத்தாறு நாள் வருகிற இடத்தை மட்டும் தாங்கள் வாசிக்காமல் விடவேண்டும். திங்கட்கிழமை லீவு வாங்கிக்கொண்டு நானே வருகிறேன், அவள் காலில் விழ. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே என்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாள். சொன்னாள் மாமா. இப்போது நினைவு வருகிறது. பூச்சிகளைச் சாராயப் புட்டியில் போட்டு வைத்துவிட்டு, நான் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்திருந்தேன். அவள் பின்னால் வந்து நின்று, "முழுகாம இருக்கேன்" என்றாள். கடைசி எழுத்தை நான் கவனிக்கவில்லை. புட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்து, தலையைத் தூக்காமலே சொன்னேன்: "இன்னும் கொஞ்சம் சாராயம் ஊத்து, முழுகிரும்."