மாமனார் தண்ணி கட்டின தளம்

தளம் போட்டு எத்தினி நாள் ஆச்சின்னு தானே கேக்கறீங்க? ஒரு மாசம் தாண்டிப் போச்சுண்ணே. அப்பால அடியில குடுத்த முட்டுக்கட்டையெல்லாம் ஏன் இப்பத்தான் எடுக்கறாங்கன்னா, அது ஒரு பேஜார் புடிச்ச கதை. இப்பிடி இந்தக் கல்லு மேல குந்துங்க. நீங்களும் வூடு கட்டப் போறேன்றீங்க, கேட்டு வெச்சிக்கினா நல்லது.

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தளத்துக்குத் தண்ணி கட்ட ஒரு ஆளு புடிக்கணும்.

கான்கிரீட்டுன்னா போட்ட மறுநாள்லருந்து அது மேல தண்ணி நிக்கணும். வெயில்ல காஞ்சா வெடிச்சிரும். மேஸ்திரி சுத்தி களிமண்ணுல வரப்பு புடிச்சாரு. உள்ள பாத்தி பாத்தியாப் பிரிச்சாரு. "பதினாலு நாளு ஈரம் காயக் கூடாது. காஞ்சிதுன்னா அப்பால என்னைக் கேக்காதே"ன்ட்டு வேற ஊர் வேலைக்குப் பூட்டாரு.

எனக்கோ வாலாஜாபாத்துல ரைஸ்மில்லு வேலை. மிஷினெல்லாம் பிரிச்சிப் போட்ட நேரம். ராவும் அங்கதான் படுக்கை.

எம் பொண்டாட்டி சரோஜா இங்க மனையிலயே கொட்டாய் போட்டுக்கினு கீறா. ஆனா கைக்கொழந்தைய வெச்சிக்கினு மூங்கில் ஏணியில கொடத்தோட எப்பிடி ஏறுவா? மாடிப்படி இன்னும் கட்டல. வூட்டுக்குப் படம் வரைஞ்சது நான்தான். சமையல்கட்டுல நின்னுக்கினே சமைக்க மேடை, ஜன்னலுக்கு ஜன்னல் சன்ஷேடு, எல்லாம் போட்டேன். படி மட்டும் ஞாபகம் வரல. அப்பால பின்னாடி ஒரு மூலையில சொருகி வெச்சேன்.

அந்த நேரம் பாத்து மாமனார் வந்து எறங்கினாரு.

அவருக்கு ஊரு காவாந்தண்டலம். ஏரி பாளம் பாளமா வெடிச்சிக் கெடக்குது. கெணத்துல தவளை கூட இல்ல. நாத்து விடற ஆவணி மாசத்துல கழனியப் பாத்துக்கினு சும்மா குந்தியிருக்க முடியாம, மகளைப் பாக்கற சாக்குல வந்துட்டாரு.

வூட்டைச் சுத்தி ரெண்டு தபா நடந்தாரு. அண்ணாந்து பாத்தாரு.

"இன்னா மாப்ள, ஓடும் இல்ல, ஓலையும் இல்ல. சரிவே இல்லாம தட்டையாக் கீது. மய பெஞ்சா தண்ணி எங்க ஓடும்?"

"ஓடக் கூடாது மாமா. இப்போதைக்கு நிக்கணும். அதைத்தான் நீங்க பாத்துக்கணும்."

"தலைக்கு மேல தண்ணிய நிறுத்திட்டு அடியில படுக்கறதா? நல்லாக் கட்டினே போ."

நான் பகல்ல வேலை செஞ்சிட்டு ராத்திரி இஸ்கூல்ல படிச்சவன். எதை விளக்கினாலும் எதிராளிக்குத் தெரிஞ்ச ஒண்ணை வெச்சி விளக்கணும்னு வாத்தியார் சொல்லிக் குடுத்திருந்தாரு. அந்தப் படிப்பை எங்கனா காட்டணுமில்ல? மாமனார் கிட்ட காட்டினேன்.

"மாமா, இதைத் தளம்னே நெனைக்காதீங்க. நாத்தங்கால்னு நெனைச்சிக்குங்க. நாத்தங்காலை எப்பிடிப் பாத்துக்குவீங்களோ, அப்பிடியே பாத்துக்குங்க."

"அவ்ளோதானே?"ன்னாரு.

அப்போ அவரு மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்திச்சு. நல்லா வெளக்கிட்டோம்னு நெனைச்சிக்கினு பஸ் ஏறிட்டேன்.

மொத ஞாயித்துக்கிழமை வர முடியல. பஸ் கண்டக்டர் நம்ம பக்கத்துக்காரரு. அவரு கிட்ட, "தளத்துல தண்ணி நிக்குதான்னு எங்க மாமனாரைக் கொஞ்சம் கேட்டுக்கினு வா"ன்னு சொல்லி வுட்டேன்.

மறுநாளு பதில் வந்திச்சு. "நிக்குதாம். நல்லா வருதாம்."

தண்ணி நிக்குது, சரி. இன்னா நல்லா வருது? எனக்குத் தோணவே இல்ல. மிஷினுக்கு ஆயில் போட்டுக்கினு இருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சி கண்டக்டரே வந்து, "உங்க மாமனாரு எரு ஒரு வண்டி கேட்டாரு, எங்க வூட்டுலருந்து அனுப்பிட்டேன்"ன்னாரு. பரவால்லையே, வூட்டு முன்னாடி பூச்செடி வெக்கறாரு போலன்னு நெனைச்சி ரொம்ப சந்தோஷப்பட்டேன். அந்த மில்லு பூரா சொல்லி வேற வெச்சேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தேன். பஸ்ஸு நம்ம ஊரு திருப்பத்துல திரும்பறப்பவே எங்க வூடு தெரியும். எனக்கு முன் சீட்டுல ரெண்டு பேரு.

"பார்யா, புது மாடி வூடு. அதுக்குள்ள பாசி புடிச்சிப் போச்சு."

"பாசி இல்லய்யா, பச்சை பெயிண்டு. பட்டணத்துல இப்பிடித்தான் அடிக்கறானுங்க."

"பெயிண்டு ஏன்யா காத்துல ஆடுது?"

தலையை வெளிய நீட்டிப் பாத்தேன். தளம் பச்சைப் பசேல்னு கீது. நடுவுல சட்டி தலையோட ஒரு வைக்கோல் பொம்மை. புது வூட்டுக்கு திருஷ்டி பொம்மை வெக்கறது வழக்கம்தான். ஆனா இந்தப் பொம்மை கைய விரிச்சிக்கினு குருவி ஓட்டுது.

ஏணியில எப்பிடி ஏறினேன்னு தெரியல. மேல மாமனாரு கோவணத்தை இறுக்கிக்கினு சேத்துல நிக்கறாரு.

"செருப்பைக் கயட்டிட்டு வா மாப்ள. நாத்து மேல மிதிக்காதே."

"மாமா, இன்னா இது?"

"பொன்னி."

"பேரைக் கேக்கல மாமா. இது எப்பிடி இங்க வந்திச்சு?"

"நீதானே நாத்தங்கால்னே."

"நாத்தங்கால் மாதிரின்னு சொன்னேன்."

"மாதிரிக்கெல்லாம் கொடம் கொடமா ஏணியில தண்ணி தூக்க முடியுமா? எங்க ஊரு முச்சூடும் ஒரு பாத்தித் தண்ணி இல்ல. இங்க சும்மா நிக்குது. மனசு கேக்கல. வரப்புக்குப் பக்கத்துல கெடந்த மண்ணையே பரப்பி, முளை கட்டின நெல்லை வுட்டு, அப்பால எருவையும் தூவிட்டேன்."

நான் கீழ குனிஞ்சி பாத்தேன்.

"மாமா, தண்ணியே காணமே?"

"சாயங்காலம் ஆனா வடிச்சிருவேன். காலையில கட்டுவேன். நாத்து மூச்சு வுட வேணாமா?"

மேஸ்திரி காயக் கூடாதுன்னு சொன்ன தளத்தை எங்க மாமனாரு தெனம் சாயங்காலம் வடிச்சிருக்காரு. சேத்துல கைய வுட்டுப் பாத்தேன். அடியில ஈரமாத்தான் இருந்திச்சு. கொஞ்சம் உசிர் வந்திச்சு.

மறுநாளு மேஸ்திரி ஆளுங்களோட வந்தாரு, முட்டுக்கட்டையப் பிரிக்கறதுக்கு. ஏணியில ஏறினவரு பாதியிலயே எறங்கிட்டாரு.

"மேல ஒரு கயனியே கீது. அடியில நான் கட்டையை எடுக்கணுமா? எனக்குப் புள்ளைங்க கீதுங்கப்பா. மொதல்ல அந்தச் சேத்தை வாரிக் கொட்டு."

கூலிக்கு ஆள் கூட்டியாந்து மம்புட்டியோட ஏணி கிட்ட போனேன். ஏணியோட மேல் படியில மாமனாரு குந்திக்கினு கீறாரு. சண்டைக்கு நிக்கல. சத்தம் போடல. மெதுவாத்தான் பேசினாரு.

"பாரு மாப்ள. நாளைக்கே மய வந்தா எல்லாரும் ஏர் பூட்டுவான். நட நாத்து ஒருத்தன் கிட்டயும் இல்ல. எங்கிட்ட இருந்த வெதை நெல்லே அவ்ளோதான், பூராத்தையும் இங்க வுட்டுட்டேன். இதை வாரிப் போட்டின்னா இந்த வருஷம் எனக்கு வெள்ளாமை இல்ல. உன் இஷ்டம்."



கீழருந்து சரோஜா. "எங்கப்பா நாத்துல யாருனா கை வெச்சா, நான் இந்த வூட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன்."

மம்புட்டிய சாத்தி வெச்சிட்டேன். நாத்து பறிக்கற பக்குவம் வரணும், அது வரைக்கும் முட்டு அப்பிடியே நிக்கணும். சரி, நிக்கட்டும்.

அதுல ஒரு சின்ன சிக்கல். கிரகப்பிரவேசப் பத்திரிகை ஏற்கெனவே அடிச்சிக் குடுத்தாச்சு. ஆவணியோட கடைசி முகூர்த்தம் அது.

அந்தக் கிரகப்பிரவேசத்துக்கு நீங்க வரல. வந்திருக்கணும்ண்ணே. கூடத்துல முயத்துக்கு ஒரு சவுக்குக் கட்டை. சவுக்குத் தோப்புக்குள்ள பந்தி போட்ட மாதிரி கீது. ஐயரு வாசல்ல நின்னுக்கினு கேட்டாரு:

"ஹோமத்தை எங்கப்பா வளக்கறது? சுத்தியும் காஞ்ச கட்டை."

"வெளிய கொட்டாயில வெச்சிக்கலாம் சாமி."

"கொட்டாய் ஓலை ஆச்சே?"

கடைசியில தெருவுல வளத்தாரு.

பசுமாட்டை உள்ள கூட்டியாந்தாங்க. அது ரெண்டு கட்டைக்கு நடுவுல வவுறு மாட்டிக்கினு நின்னுடுச்சி. பின்னாடி தள்ளப் போனவங்களைப் பாத்து மேஸ்திரி கத்தினாரு, "யோவ், மாடு முட்டிச்சின்னா நாம எல்லாரும் ஒண்ணாப் போவோம்." அவ்ளோதான். உள்ள இருந்த சொந்தக்காரங்க பாதிப் பேரு வாசலுக்கு வந்துட்டாங்க. மாடு மட்டும்தான் தைரியமா நின்னுது. அதால வெளிய வர முடியல.

ஒன்றிய ஆபீஸ் ஓவர்சியரைக் கூப்பிட்டிருந்தேன். படிச்ச மனுஷன், நம்ம வூட்டைப் பத்தி நாலு வார்த்தை நல்லாச் சொல்வாருன்னு ஆசை. அவரு ஆபீஸ் முடிச்சி சாயங்காலமா வந்து, சாப்பிட்டுட்டு வாசல்ல கை கழுவிக்கினு இருந்தாரு. சன்ஷேடு மேலருந்து கபகபன்னு எருத் தண்ணி எறங்கிச்சு. ஒரு அடி தள்ளி நின்னதால தப்பிச்சாரு.

நிதானமாக் கேட்டாரு. "தம்பி, கக்கூஸை மாடியிலயா வெச்சிருக்கே?"

"இல்ல சார். நாத்தங்கால்."

அண்ணாந்தாரு. மாமனாரு தலை எட்டிப் பாத்திச்சு. "சாயங்காலம் ஆச்சில்ல சார், வடிச்சி வுட்டேன்."

ஓவர்சியரு நாலு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேன். சைக்கிளை எடுத்துக்கினு போனாரு.

அப்பால போன வாரம் மழை வந்திச்சு. கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு. காவாந்தண்டலத்து ஏரிக்குத் தண்ணி வந்திச்சு, கெணத்துல ஊத்து தொறந்திச்சு. எல்லாரும் ஏர் பூட்டினாங்க. நட நாத்து இல்ல. பஸ்ஸுல போறப்ப எங்க வூட்டைப் பாத்துச் சிரிச்சவங்கெல்லாம் எறங்கி வந்து ஏணி அடியில நிக்கறாங்க.

"மேல ரெண்டு முடி நாத்து மிச்சமாவுமா?"

"எங்க மாமனாரைக் கேளுங்க. நான் இங்க குடித்தனக்காரன்தான்."

இன்னிக்குக் காலையிலருந்து நாத்து பறிப்பு. முடி கட்டி மேலருந்து வீசினாங்க, கீழ வண்டியில புடிச்சாங்க. தோ, தெருவுல நிக்குதே, அந்த வண்டிதான். மாமனாரு பறிச்ச கையோட சேத்தையும் வாரிக் கொட்டிட்டாரு. தளத்தைக் கழுவி வுட்டப்பறம் மேஸ்திரி சுத்தியலால தட்டித் தட்டிப் பாத்தாரு. ஒரு விரிசலும் கண்ணுல படலன்னாரு. படலன்னு சொன்னாரே ஒழிய, மூஞ்சியில சிரிப்பு இல்ல.

மத்தியானத்துலருந்து முட்டுக்கட்டையப் பிரிச்சிக்கினு கீறாங்க. அந்த டொக்கு டொக்கு சத்தம் அதான். ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு இங்க ஒரு தபா தூக்கிப் போடுது. நான் ஏன் வெளிய வந்து உங்ககிட்ட இத்தினி நேரம் பேசிக்கினு கீறேன்னு நெனைச்சீங்க?

"வூட்டுக்காரரே. கூடத்துல கடைசிக் கட்டை. வாங்க உள்ள."

கூப்பிடறாரு, கேட்டீங்களா?

"நீங்களே எடுத்துடுங்க மேஸ்திரி."

"அதெப்பிடி? படம் வரைஞ்சவரு அடியில நிக்கணும். எங்க ஆளுங்க அப்பதான் தைரியமா உருவுவாங்க."

மாமனாரு வண்டி மேல குந்திக்கினு ஆறுதல் சொல்றாரு பாருங்க. "போ மாப்ள. அத்தினி சேறு தண்ணியத் தாங்கிச்சி, உன்னையா தாங்காது?"

நான் மேல நிக்கப் போறதில்ல மாமா, அடியில நிக்கப் போறேன்.

நீங்க மட்டும் தெரிஞ்சிக்குங்கண்ணே. உங்க மாமனாரு கிட்ட எது வேணா சொல்லுங்க. உதாரணம் சொல்லாதீங்க.

தோ, சரோஜா ஓடியாறா. பொண்டாட்டிக்காவது புருஷன் மேல கரிசனம் இல்லாம போவுமா? போவாதீங்கன்னு கைய புடிச்சி நிறுத்துவா, பாருங்க.

"இன்னாங்க, அந்தப் புதுச் சட்டையைக் கயட்டிக் குடுத்துட்டுப் போங்க."

இந்தா, புடி. வரேண்ணே.