எல்லாக் கூட்டுக்கும் பொருந்தும் குழல்

துப்பாக்கி என்பது எது? கேள்வி சுலபமாகத் தெரியும். ஆனால் அமெரிக்கச் சட்டம் இதற்கு நிரம்ப யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறது.

வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்புங்கள். தோட்டா பறந்து போகும் நீளக் குழல் ஒன்று. தோளில் அண்டக் கொடுக்கும் கட்டை ஒன்று. விரலால் இழுக்கும் விசை ஒன்று. முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு ஒன்று. கதவுத் தாழ்ப்பாள் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது, ஆகவே தாழ்ப்பாள் என்றே வைத்துக்கொள்வோம். இவை அத்தனையையும் சேர்த்துப் பிடிக்க, ஒரு சாண் நீளத்தில் இரும்புக் கூடு ஒன்று.

இதில் துப்பாக்கி எது என்றால், கூடு மட்டும்தான். ஏனென்றால் எண் பொறித்திருப்பது அதில். மற்றதெல்லாம் வெறும் சாமான். குழலைத் தபாலில் வரவழைக்கலாம்; குடை வருவது போல வந்து சேரும். கூடு வாங்க வேண்டுமானால் படிவம் நிரப்ப வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். வெறுங் கூட்டை வைத்துக்கொண்டு ஓர் ஈயைக்கூடச் சுட முடியாது. இருந்தாலும் துப்பாக்கி அதுதான்.

மான்டானாவில் எங்கள் பிர்ச் ஃபோர்க் ஊரில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வந்த வினை எல்லாம் அதனால்தான் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களைக் கூடு மோகம் பிடித்தது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்கிற கூடு யாருக்கும் பிடிக்காமல் போயிற்று. தனியாகச் சொல்லிச் செய்விக்கும் கூடுதான் வேண்டும் என்றார்கள். தாழ்ப்பாளில் பூட்டும் பல் இரண்டு இருந்தது போய் மூன்று பல் வந்தது. தாழ்ப்பாளின் கைப்பிடியைத் தொண்ணூறு பாகை தூக்க வேண்டியிருந்தது, அறுபது பாகை போதும் என்று ஆயிற்று. மிச்சமாகும் முப்பது பாகையை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. தாழ்ப்பாளின் உடம்பெல்லாம் மிட்டாய்க் குச்சி மாதிரி முறுக்குப் பள்ளம் வெட்டினார்கள். அது அழுக்கை வாங்கிக்கொள்ளும் என்றார் ஒருவர், எடையைக் குறைக்கும் என்றார் இன்னொருவர். அழகாக இருந்தது என்பதை மட்டும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. இந்தக் கூடுகள் எல்லாம் ஒரே வரைபடத்தின்படி செய்தவை. அதனால் தொலைபேசியில் சொன்னால் குழல் வீட்டுக்கு வரும். மரையில் வைத்துத் திருகினால் வேலை முடிந்தது. ஒரு கூட்டுக்கு ஆறு குழல் வைத்திருந்தவர்கள் உண்டு. என்னிடம் நாலுதான்.

ஆனால் யாரும் சுடுவதில்லை. சுட்டால் குழல் தேயும். தேய்ந்தால் அளவு மாறும். அளவு மாறினால் பொருத்தம் கெடும். ஆகவே காலையில் டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் காப்பிக் கோப்பைக்கும் ஆப்பிள் பை பலகாரத்துக்கும் நடுவே கூடுகளை வைத்து, தாழ்ப்பாளை முன்னும் பின்னும் தள்ளி, அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பொருத்தம் இருந்தால் போதுமா? இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டாமா? எங்கள் ஊர்க்காரர்களுக்கு அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே தலைவலி வரும். ஆனால் இந்த ஒரு அலுவலகத்தை நாங்களே மனுப் போட்டுக் கேட்டு வாங்கினோம். 'மாவட்டக் குழல்–கூடு பொருத்த அலுவலகம்' என்று பெயர். சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்காகத்தான் கேட்டோம். அதற்கு மரியாதை வேண்டும் என்பதால், சான்று இல்லாத துப்பாக்கியால் மாவட்டத்துக்குள் எதையும் சுடக் கூடாது என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டோம். களை ஒழிப்பு அலுவலகத்தில் இருபது வருஷம் இருந்த வெண்டல் புரூயிட் அதிகாரியாக வந்தார். அவர் இருந்த காலத்தில் களை ஒழியவில்லை. ஆனால் களைகளின் பட்டியல் மிகவும் சரியாக இருந்தது.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மார்லிஸ் ட்வெட் அந்த அலுவலகத்துக்குப் போனார்.

மார்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். முப்பது பசுக்களும் வைத்திருக்கிறார். அவற்றின் குளிர்காலத் தீனிக்கு எழுபது புல்லுருளைகள் அடுக்கியிருந்தார். மலையிலிருந்து தொண்ணூறு எல்க் மான்கள் இறங்கிவந்து, நாளுக்கு இரண்டு உருளை வீதம் தின்னவும் மிதிக்கவும் தொடங்கியிருந்தன. உருளை ஐம்பதுக்குக் கீழே போனால் வசந்தம்வரை தாங்காது. பசுக்களை விற்றுவிட வேண்டியதுதான். ஒரு மானைச் சுட்டுக்கொள்ளலாம், மற்றவை அதைப் பார்த்து விலகிப் போகும் என்று மாநில வனவிலங்குத் துறை அனுமதி கொடுத்திருந்தது. மார்லிஸ் சுடலாம், அல்லது அவருக்காக வேறு யாரும் சுடலாம். அனுமதிக்கு அன்றோடு சேர்த்து ஒன்பது நாள் கெடு.

அவருடைய பழைய துப்பாக்கியின் குழல் தேய்ந்துபோயிருந்தது. தீவனக் கடைக்குப் பின்னால் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஓரின் ஸ்கார் அதற்குப் புதுக் குழல் மாட்டிக் கொடுத்திருந்தார். ஓரின் முப்பது வருஷமாகத் துப்பாக்கி வேலை செய்கிறவர். அவரும் கூடவே போனார்.

"உட்காருங்க, மார்லிஸ்" என்றார் வெண்டல்.

"என்னடா வெண்டல், புதுசா 'நீங்க'? ரெண்டாங் கிளாஸ்ல என் கையுறையத் திருடிட்டு ஓடினவன்தானே நீ?"

"ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும். அதுக்கப்புறம் 'நீ'ன்னு பேசலாம்." வெண்டல் படிவத்தை எடுத்தார். அதில் பத்துப் பொருத்தங்கள் இருந்தன. கல்யாணத்துக்குக்கூட ஒன்றிரண்டை விட்டுக்கொடுப்பார்கள். இங்கே அது கிடையாது. "ஆறு வரைக்கும் சரி. ஏழாவது: மேற்படி குழலானது வேறு எக்கூடுகளுக்கெல்லாம் பொருந்தும்?"

"எதுக்கும் பொருந்தாது" என்றார் ஓரின். "பழைய கூடு. மரை கொஞ்சம் கோணல். அதுக்குத் தகுந்த மாதிரி கையால வெட்டியிருக்கேன். இதுல கச்சிதமா உட்காரும்."

"இதுல மட்டும்?"

"இதுல மட்டும்."

வெண்டல் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ பொருத்தம் இல்ல."

"யோவ், கச்சிதமா உட்காருதுன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"உட்காருறது வேற, பொருத்தம் வேற. எல்லாத்துக்கும் பொருந்தினாத்தான் பொருத்தம். ஒண்ணே ஒண்ணுக்குப் பொருந்தினா அது தற்செயல்."

"எனக்கு எங்க ஆர்லோ ஒருத்தன்தான் பொருந்தினான்" என்றார் மார்லிஸ். "அப்போ என் கல்யாணம் தற்செயலா?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

"வெண்டல், தினமும் ரெண்டு உருளை போகுது. நீ எழுதிக்கிட்டு இருக்கும்போதே அதுங்க மென்னுக்கிட்டு இருக்கு."

வெண்டல் கல்நெஞ்சர் அல்லர். யோசித்தார். "ஒரு வழி இருக்கு. உங்க குழல் வேற எதுலயுமே உட்காராதுன்னு எப்படி நிச்சயமாத் தெரியும்? எல்லாத்துலயும் வெச்சுப் பாத்துரலாம். ஊர்ல இருக்கிற எல்லாக் குழலையும் எல்லாக் கூட்டுலயும் வெச்சுப் பாத்துட்டா ஒருத்தரும் குறை சொல்ல முடியாது பாருங்க."

வியாழக்கிழமை பொருத்தப் பெருநாள் என்று அறிவிப்பு வந்தது. சந்தைக் கொட்டகையில் ஊரே கூடிவிட்டது. பெண்கள் உருளைக்கிழங்குப் பதார்த்தம் கொண்டுவந்தார்கள். உபரிக் குழல்களை அடுத்த பெருநாளுக்கு விட்டுவைத்தோம்; நாற்பத்தொரு துப்பாக்கிகள் வந்தன. எங்கள் கூட்டை ஊர் பார்க்க இதைவிட நல்ல நாள் எப்போது வரும்?

ஒவ்வொன்றையும் பிரித்தார்கள். கூடு துப்பாக்கி அல்லவா? அதை வெல்வெட் துணிமேல் வைத்து, எண்ணைக் குறித்து, முத்திரை குத்திய ரசீது கொடுத்தார் வெண்டல். குழல் துப்பாக்கி அல்ல. குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். தாழ்ப்பாளும் துப்பாக்கி அல்ல. பெரிய துணி துவைக்கும் அண்டாவில் போட்டார்.

ஓரின் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வெண்டல், தாழ்ப்பாளக் கலக்காதே. மூடினதும் அதோட முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளிதான் இருக்கணும். கம்மியா இருந்தா மூடாது. ஜாஸ்தியா இருந்தா தோட்டா உள்ளேயே கிழிஞ்சு, நெருப்பு மூஞ்சிக்கு வரும். ஒவ்வொண்ணுலயும் பேராவது ஒட்டு."

"ஓரின், இது எதுக்கு நடக்குது? எல்லாம் எல்லாத்துக்கும் பொருந்தும்னு நிரூபிக்கத்தானே? பேர் ஒட்டினா நமக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?"

நாங்கள் கைதட்டினோம்.

நாற்பத்தொரு கூடு, நாற்பத்தொரு குழல்: மொத்தம் ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொரு சோதனை. நாளுக்கு இருபது வீதம் செய்தால் பிப்ரவரியில் முடிந்துவிடும் என்று வெண்டல் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். மார்லிஸின் அனுமதிக்கு மீதம் இருந்தது ஆறு நாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மார்லிஸ் டாட்டியின் கடைக்குள் வந்தார். தொப்பியில் புல்துரும்பு ஒட்டியிருந்தது.

"அம்பத்தி நாலு உருளைதான் மிச்சம். நாளையோட கெடு முடியுது. சான்றிதழ் வெச்சிருக்கிற மகராசங்க யாராவது வந்து எனக்காக ஒரே ஒரு மானச் சுட்டுக் குடுங்கப்பா."

எங்கள் எல்லோரிடமும் சான்றிதழ் இருந்தது. துப்பாக்கிதான் இல்லை. சட்டைப் பையில் ரசீதைத் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

"போய் வாங்கிட்டு வாங்களேன்!" என்றார் மார்லிஸ்.

கொட்டகைக்குப் போனோம். வெண்டல் ரசீதைப் பார்த்துக் கூடுகளைத் திருப்பிக் கொடுத்தார். எண்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"குழலு? தாழ்ப்பாளு?" என்று கேட்டேன்.

"ரசீது இருக்கா?"

"நீங்கதானே குடுக்கல."

"ரசீது குடுக்கலைன்னா வாங்கல. வாங்காததை நான் எப்படித் திருப்பிக் குடுக்கிறது? அதோ கிடக்குது. பொருந்துறத எடுத்துக்குங்க. எல்லாம் பொருந்தும்."

தொட்டியிலும் அண்டாவிலும் நாற்பது பேர் கைவிட்டுத் துழாவினோம். என் தாழ்ப்பாள் சாம்பல் நிறம், நேர்ப்பள்ளம். கைக்கு வந்தது நீல நிறம், முறுக்குப் பள்ளம். அது கூட்டுக்குள் வெண்ணெய் மாதிரி ஓடியது. "இதேதான்" என்றேன். பக்கத்திலிருந்தவரும் "இதேதான்" என்றார். எல்லோருக்கும் அவரவருடையதே கிடைத்துவிட்டது.

கொட்டகை வாசலில் ஓரின் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தார். தோட்டா வடிவத்தில் இரண்டு சின்ன எஃகுத் துண்டுகள், அவ்வளவுதான். "ஆளுக்கு ரெண்டு நிமிஷம். உள்ள விட்டுப் பாத்தா பாதுகாப்பா இல்லையான்னு சொல்லிருவேன். வாங்க."

யாரும் அவர் பக்கம் போகவில்லை. போனால் சந்தேகம் இருக்கிறது என்று ஆகிவிடும். மார்லிஸுக்காகச் சுடவும் யாரும் முன்வரவில்லை. ஒருவருக்கு முதுகுவலி. ஒருவர் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். நான் என் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது.

"நாப்பது துப்பாக்கி. ஒண்ணுகூட நம்பிக்கையாச் சுடாது" என்றார் ஓரின். "உன்னோடது ஒண்ணுதான் சுடும் மார்லிஸ். அதோட தாழ்ப்பாள நான் அண்டாவுல போடவே இல்ல. என் பையில இருக்கு. இந்தா."

"சான்று?" என்றார் வெண்டல்.

மார்லிஸ் அவரைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் புதன்கிழமை, விடியும் நேரம். மான்கள் ஐம்பத்து மூன்றாவது உருளையில் இருந்தன. மார்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்தை நேராகப் புல்வெளிக்குள் ஓட்டினார். பக்கவாட்டில் 'நில்' என்ற சிவப்புப் பலகையை நீட்டினார், விளக்குகளை மினுக்கினார், காற்று ஒலிப்பானின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஆர்லோ உயிரோடு இருந்தபோது பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றி அந்த வண்டிக்கென்றே பொருத்திக் கொடுத்த ஒலிப்பான் அது. அடுத்த ஊரில் ஜன்னல் அதிரும். தொண்ணூறு மான்களும் தலையைத் தூக்கின, திரும்பின, வரிசையாக மேட்டைத் தாண்டி ஓடின. இரண்டு நாள் விடியலிலும் ஊதினார். பிறகு அவை வரவில்லை. ஐம்பத்து இரண்டு உருளை மிஞ்சியது. பசுக்கள் பிழைத்தன.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது வெண்டலின் வீடு. அவருக்குக் குதிரை உண்டு, குதிரைக்குப் புல் உண்டு. ஆப்பிள் மரங்களும் உண்டு.

ஒரே வாரத்தில் ஊரில் கூடுகளைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. டாட்டியின் கடையில் காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே ஒலிப்பான்கள் வந்து உட்கார்ந்தன. மூன்று வாய் வைத்தது, முறுக்குப் பள்ளம் வெட்டியது, எந்த வண்டியிலும் திருகி மாட்டக்கூடியது. எனக்குப் பச்சை நிறம் கிடைத்தது. யாரும் ஊதுவதில்லை, ஊதினால் உள்ளே இருக்கும் தகடு தேயும்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெண்டல் ஒரு மனுவோடு வந்தார். மாவட்டத்தில் உள்ள ஒலிப்பான்கள் அனைத்தும் பொருத்தச் சோதனைக்கு உட்பட வேண்டும். வேறு வண்டிக்குப் பொருந்தாத ஒலிப்பான்களைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். முதல் கையெழுத்து அவருடையது. கடையில் இருந்த எல்லோரும் போட்டோம். என்னுடையது மூன்றாவது.

கடைசியாக மனு மார்லிஸின் மேசைக்குப் போனது. அவர் ஆப்பிள் பையை வெட்டிக்கொண்டே மேலிருந்து கீழே எல்லாப் பெயர்களையும் படித்தார். என் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"இன்னும் தொண்ணூறு கையெழுத்து கொறையுதே வெண்டல்" என்றார். "எல்க் மானுங்களையும் கூப்பிட்டா சந்தோஷமா வந்து போட்டுட்டுப் போகும்."

வெண்டல் அதைக் கவனமாக யோசித்தார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"செல்லாது, மார்லிஸ். அதுங்க மேல நம்பர் இல்லையே."