ரத்தினசாமி பாகவதருக்கு நான் போட்ட நாற்பத்துமூன்று ஓட்டுகள்

உத்தமபாளையம்,
ஈஸ்வர வருஷம் ஐப்பசி மாதம் 12-ந் தேதி.

மகாகனம் பொருந்திய பத்திரிகாசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, மேற்படி ஊர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கும் தங்கபாண்டி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சம்சாரம் முருகம்மாளும் சௌக்கியம். நாலு நாளாக மழை விடவில்லை, ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சுக்கூடத்தாரும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். நிற்க.

"எக்காலத்துக்கும் தலைசிறந்த பாடகர் யார்?" என்று தாங்கள் ஆடி மாதத்து இதழில் கேட்டு, கட்டம் போட்ட சீட்டு ஒன்றும் அச்சிட்டு, ரசிகர்கள் பெயரெழுதிக் கையொப்பம் வைத்து அனுப்பலாம் என்று அறிவித்திருந்தீர்கள். அதன்படி வல்லநாடு ரத்தினசாமி பாகவதர் பெயருக்கு இவ்வூரிலிருந்து நாற்பத்துமூன்று சீட்டுகள் ஒரே உறையில் வந்திருக்கும். நாற்பத்துமூன்றிலும் எழுத்து ஒரே மாதிரி இருப்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். அது என் எழுத்து. அவற்றையெல்லாம் ரத்து செய்யும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் முப்பது வருஷமாக "மேற்படி", "மேற்கண்ட" என்று நீட்டி எழுதிப் பழகிய கை, சொன்னால் கேட்பதில்லை.

பாகவதரை நான் நேரில் பார்த்தது இரண்டு தரம். ஒரு தரம் சின்னமனூர் நாடகக் கொட்டகையில் ஒரு தூணுக்குப் பின்னால். இன்னொரு தரம் கொட்டகைக்கு வெளியே. எனக்குத் தாளம் போட வராது. போட்டால் பாட்டு முடிந்த பிறகும் தொடையில் இரண்டு அடி மிச்சம் இருக்கும். ஆனாலும் இந்த ஊரில் பாட்டைப் பற்றி என்னைக் கேட்காமல் ஒருவர் வாய் திறக்க முடியாது என்கிற நிலைமையை நானே உண்டாக்கி வைத்திருந்தேன். மூன்றே சுரம் போதும், கிணற்றுக்குள்ளிருந்து பாடினாலும் பாகவதர் குரலைச் சொல்லிவிடுவேன் என்று காபி கிளப்பில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் நம்பினார்கள். அதைவிட மோசம், நானும் நம்பினேன்.

என்னோடு பாட்டுக் கேட்கிறவர் ஏலக்காய் வியாபாரம் செய்யும் உமர் பாருக் ராவுத்தர். அவர் கடைக்குப் பின்கட்டில் கிராமபோன் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக, ஆபீஸ் விட்டதும் நான் போய் அங்கே உட்காருவேன். அவர் சாவி கொடுத்து பிளேட்டை வைப்பார். அவருக்குப் பெருங்குளம் சொர்ணாம்பாள்தான் பாட்டு. சங்கடம் என்னவென்றால் பாகவதரும் சொர்ணாம்பாளும் நாடகத்துத் தினைப்புனப் பாட்டு ஒன்றையே, ஒரே செஞ்சுருட்டி ராகத்தில், ஒரே உச்சச் சுருதியில், ஆளுக்கொரு பிளேட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் அறிவிப்பு வந்த அன்று, சொர்ணாம்பாள் பாடவில்லை, வெறுமனே கூவுகிறாள் என்று நான் சொல்லிவிட்டேன். பாகவதர் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டால் அவருக்குப் பாட்டே கிடையாது என்று அவர் சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் பேச்சில்லை. அவர் கடையைத் தாண்டாமல் வீட்டுக்குப் போவதற்காக நான் தினமும் ஆற்றங்கரையைச் சுற்றிப் போனதில் இரண்டு செருப்புக்கும் வார் அறுந்தது.

அந்த ரோஷத்தில்தான் ஓட்டுச் சேர்க்கப் புறப்பட்டேன். இந்த ஊர்க் காபி கிளப், முடிதிருத்தும் கடை, வாசகசாலை எதிலும் தங்கள் பத்திரிகையில் அந்தப் பக்கம் மட்டும் இருக்காது, கிழித்தவன் நான். என் சம்சாரத்துக்கு இரண்டு பேர் பாட்டும் பிடிக்காது. அவள் பெயரையும் எழுதினேன். இரண்டு காதும் கேட்காத அம்மாவாசி பெயரையும் எழுதினேன். அதுவும் போதாமல், பத்திரம் எழுத வருகிறவர்களிடம், பத்திரத்தில் விரல் மை காய்வதற்குள் சீட்டிலும் ஒரு ரேகை வாங்கிக்கொண்டேன். இந்த வருஷத் தேர்தலில் ஓட்டில்லாதவர்களுக்கெல்லாம் ஓட்டுரிமை கொடுத்தவன் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பண்ணைப்புரம் ஒச்சாண்டி. பதினொரு வருஷம் மலையில் ஏலத்தோட்ட வேலை பார்த்து, அட்டைக்கடியும் காய்ச்சலுமாகக் கிடந்து, ஊரில் அரை ஏக்கர் தோட்டம் கிரயம் வாங்கினார். பத்திரத்தில் ரேகை வைத்துவிட்டு, சீட்டிலும் வைத்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். சும்மா, ரத்தினசாமி பேருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவர் ஊருக்குப் போய், பெரிய காகிதம் ஒன்றிலும் சின்னக் காகிதம் ஒன்றிலும் ரேகை வைத்ததாகவும், சின்னது யாரோ ரத்தினசாமி பேருக்கு என்றும் சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, பதிவான பத்திரத்தைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு அந்த ஒச்சாண்டி சம்சாரம் ராக்கம்மாள் என் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டுச் சமாளித்திருப்பேன்.

"எழுத்துக்காரரே, அந்த ரத்தினசாமி யாரு? எங்க தோட்டத்துல அவுகளுக்கு என்ன பாத்தியம்?"

பாகவதர், பாட்டுப் பாடுகிறவர், தோட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். பாட்டுப் பாடுகிறவருக்கு என் புருஷன் கைரேகை எதற்கு என்று அது கேட்டது. நியாயமான கேள்வி. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு முன்னால் பத்திரம் எழுத உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் மெல்ல எழுந்து அடுத்த எழுத்தரிடம் போய்விட்டது. ரத்தினசாமி என்று ஒரு பாடகர் உண்டு என்று காட்டினால்தான் நான் பிழைப்பேன் என்று தெரிந்தது. காட்டுவதற்குப் பிளேட் வேண்டும். பிளேட் இருக்கிற இடம் ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து ராவுத்தர் கடைப்படி ஏறினேன். எனக்குப் பின்னால் ஒச்சாண்டி, ராக்கம்மாள், ஆபீஸ் வாசலில் வேலையில்லாமல் நின்ற இருபது பேர். ராவுத்தர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ராக்கம்மாளைப் பார்த்தே பேசினார்.

"ரத்தினசாமிங்கிறது பாடுறவருதான் ஆத்தா, அதுல பொய்யில்ல. ஆனா ஒனக்குப் பக்கத்துல நிக்கிறாகளே, அவுகளுக்கு அவரு குரல் தெரியுமான்னு கேட்டுச் சொல்லு."

கிணற்றுக்குள்ளிருந்து என்று நான் ஆரம்பித்தேன். அவர் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு பிளேட்டையும் போடுவதாகவும் எது பாகவதர் என்று வெளியில் நின்று நான் சொல்ல வேண்டும் என்றும் உள்ளிருந்தே ராக்கம்மாளிடம் சொன்னார். சாவி முறுகும் சத்தம் கேட்டது. பாட்டு வந்தது. முதல் அடி முடிவதற்குள் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதுதான், இதுதான் பாகவதர், இந்த இழைப்பு உலகத்தில் வேறு எந்தத் தொண்டைக்கு உண்டு, அடுத்த பிளேட்டே வேண்டாம் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். மேல்துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. ராவுத்தர் பிளேட்டின் உறையைத் தூக்கிக் காட்டினார். அதில் பெரிய மூக்குத்தியோடு சொர்ணாம்பாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளக் குரலுன்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றது ராக்கம்மாள். இருபது பேரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தியை அவிழ்த்துப் பத்திரத்தை என் கையில் வைத்தது.

"ஆம்பளக் குரலும் பொம்பளக் குரலும் தெரியாதவுக, கெழக்கும் மேக்கும் தெரிஞ்சு எழுதிருப்பீகளா? வாசிங்க. நாங்க கேக்குறோம்."

வாசித்தேன். கிரயம் கொடுத்தவர், வாங்கியவர் எல்லாம் சரியாக இருந்தது. நான்கு எல்லைக்கு வந்தேன். கிழக்கெல்லை ரெங்கசாமி நாயக்கர் தோட்டம். ஆனால் என் எழுத்தில், என் மையில், "ரத்தினசாமி நாயக்கர் தோட்டம்" என்று இருந்தது. எழுதும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. ராவுத்தர் மூக்குக்கண்ணாடி கல்லாப் பெட்டியடியில் இருந்தது, அதில்லாமல் அவரால் வாசிக்க முடியாது. ரெங்கசாமி என்று வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்திருக்கலாம். அங்கே நின்றவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொன்னால் நாக்கு அந்தப் பெயருக்குத் தயாராகவும் இருந்தது. ஒச்சாண்டி கையைக் கட்டிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த தழும்பு கறுப்புக் கறுப்பாக இருந்தது.

நின்றுவிட்டேன். அப்போதுதான் ராவுத்தர் இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார். "வாசி மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

எழுதியிருந்தபடியே வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒச்சாண்டி, பதினொரு வருஷம் புள்ள, பதினொரு வருஷம் என்று சம்சாரத்திடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. எந்தப் பிளேட்டும் அதைப் போக்கவில்லை. திங்கட்கிழமை விற்றவரைக் கையோடு அழைத்து வந்து, பிழை திருத்தல் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்தேன். நான் எழுதி முடிக்கும்வரை ராக்கம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் உதடு அசைந்தது போலும். பாடாமல் எழுதச் சொன்னது. ராவுத்தர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, நான்கு எல்லையையும் இரண்டு தரம் உரக்க வாசித்துக் காட்டினார். பிறகு என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார். போனேன். அன்று முதல் ஆற்றங்கரையைச் சுற்றுகிற நடை மிச்சம்.

ஆகையால் ஐயா, ஆணுக்கும் பெண்ணுக்கும் குரல் பேதம் தெரியாத ஒருவன் செவிடர் பெயரிலும் சம்சாரம் பெயரிலும் பிறத்தியார் ரேகையிலும் அனுப்பிய மேற்படி நாற்பத்துமூன்று ஓட்டுகளையும் ரத்து செய்துவிடக் கோருகிறேன். பாட்டைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்று சுயபுத்தியோடும் பிறர் தூண்டுதலின்றியும் இதன் மூலம் எழுதிக் கொடுக்கிறேன். தங்கள் பத்திரிகை மேலும் மேலும் ஓங்கி வளரவும், எங்கள் ஊர் வாசகசாலைப் பிரதி இனிமேல் முழுப் பக்கத்தோடு இருக்கவும் கடவுள் அருள் புரிவாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
தங்கபாண்டி,
பத்திர எழுத்தர்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். தபாலில் சேர்க்கும் முன் ராவுத்தருக்கு வாசித்துக் காட்டலாமென்று இன்று காலை போனேன். அவர் சாவி கொடுக்கும்போது பிளேட்டைக் கையில் வாங்கி, நடுவில் ஒட்டியிருந்த, ராவுத்தருக்கு வாசிக்க வராத இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தேன். சொர்ணாம்பாள் உறைக்குள் இருந்தது ரத்தினசாமி பாகவதர். புரட்டாசி மழையில் கூரை ஒழுகியபோது அவர் வீட்டம்மா மதீனா பிளேட்டையெல்லாம் எடுத்துத் துடைத்து, உறை மாற்றித் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஆக அன்று என் காது சொன்னது சரி. உறையில் ஒரு மூக்குத்தியைப் பார்த்ததும் காதைக் கைவிட்டவன் நான்தான். துள்ளிக் குதிக்கலாம் என்று திரும்பினேன். ராவுத்தர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. மழைக்குப் பிறகு இந்த ஒரு மாதமாக அவர் தினமும் அதே பிளேட்டைப் போட்டு, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, ஒரு பாகவதரால் இப்படிப் பாட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"அப்ப நான் இத்தன நாளா யாருக்கு மாப்ள தலையாட்டுனேன்?" என்றார்.

ஓட்டுகள் செல்லும் என்று எழுதினால் அவர் மனசு நோகும். குரல் தெரியாதவன் போட்டது, செல்லாது என்று எழுதினால் பொய்ச் சத்தியம். ராக்கம்மாளிடம் போய் அது ஆம்பளக் குரல்தான் என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. எனவே முடிவு அச்சிடும்போது எங்கள் ஊரையே விட்டுவிடவும். இரண்டு பிளேட்டையும் உறையிலிருந்து எடுத்து, ஒரு துண்டுக்கு அடியில் மாற்றி மாற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறோம். இதை எழுதும்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது. பாடுவது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நன்றாக இருக்கிறது.