இடப்பக்கம் சாய்ந்த கட்டுமரமும் தோட்டா நைனாவும்

துப்பாக்கி வைத்திருந்த மனிதர்களிலேயே ஒரு கொசுவைக்கூடச் சுடாதவர் எங்கள் தோட்டா நைனா ஒருவர்தான் என்று எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்ய நான் தயார். அறுபதுகளின் கடைசியில், ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய சந்து ஒன்றில் அவர் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். கிறிஸ்துமஸுக்குக் கோழி அறுக்க வேண்டும் என்றால் அவருடைய சம்சாரம் ரோசக்கா எதிர்வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவார். கோழியின் கதை முடிகிறவரை நைனா கடற்கரைப் பக்கம் போய் நின்றுகொள்வார். குழம்பு வாசனை வந்த பிறகு திரும்பி வந்து இரண்டு காலையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

துறைமுகத்தில் லாரிகளை எடை போடுகிற மேடையில் அவருக்கு வேலை. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன பழைய ரைஃபிள் ஒன்று அவரிடம் இருந்தது. லைசென்ஸ் உண்டு. எண்ணூர்ப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்பில் மெம்பரும்கூட. மற்ற மெம்பர்கள் சீமைத் தோட்டாவைக் கடையில் வாங்கிச் சுட்டார்கள். நைனா மட்டும் தன் தோட்டாவைத் தானே செய்துகொள்வார். சுட்டு முடித்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கி வந்து, புது வெடிமருந்து போட்டு, முனையில் ஈயக் குண்டை உட்கார வைத்து மறுபடியும் உயிர் கொடுத்துவிடுவார். பித்தளைத் தோட்டா பளபளக்க வேண்டும் என்பதற்காக ரோசக்காவின் குடத்தோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் துலக்குவார்.

"இந்தாளு தோட்டாவுக்கு வெக்கிற புளியில எனக்கு ஒரு வாரம் கொழம்பு ஆவும்" என்று ரோசக்கா என்னிடம் முறையிடுவார். நான் வாடகைக்கு இருப்பவன். இரண்டு பக்கமும் தலையாட்டி வைப்பேன்.

மருந்தைத் தட்டான் தராசில்தான் நிறுப்பார். அந்த நேரத்தில் ஃபேன் ஓடக் கூடாது. ஜன்னல் திறக்கக் கூடாது. யாரும் மூச்சு விடவும் கூடாது. ஒருநாள் தந்திக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து நைனா மெதுவாகச் சொன்னார்: "அவசரமா இருந்தா மூச்ச புடிச்சிகினு உள்ள வா. இல்லாட்டி அங்கயே நில்லு."

தந்திக்காரர் நின்றார். மைத்துனர் ஊரிலிருந்து வருகிறார் என்பதுதான் தந்தி. தராசு வேலை முடிந்து நைனா கதவைத் திறந்தபோது தந்திக்காரருக்குப் பின்னால் கையில் பெட்டியோடு மைத்துனரே நின்றுகொண்டிருந்தார்.

தோட்டா செய்வதோடு அவர் நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்தாக வேண்டும் என்ற பைத்தியம் அவரைப் பிடித்திருந்தது. "வேகம் தெரியாத தோட்டா தோட்டாவே இல்ல தம்பி. அது தீவாளி வெடி" என்பார்.

அளப்பதற்கு அவர் செய்த ஏற்பாடு இதுதான். உப்பளத்தை ஒட்டிய கிளப்பின் மணல்மேட்டுக்கு முன்னால் கம்பங்களை நட்டு, ஆள் உயரத்தைவிட நீளமான ஒரு மரத்தை ஊஞ்சல் போலக் கயிற்றில் தொங்கவிட்டார். கணு இல்லாத மரமாகத் தேடி ஒரு வருஷம் அலைந்திருக்கிறார். மரத்தின் முகத்தில் சுட்டால் குண்டு உள்ளே போய்த் தங்கிவிடும், மரம் கொஞ்சம் பின்னால் நகரும். அடியில் அடித்திருக்கிற ஆணி, கீழே தகரத்தில் பரப்பிய அரிசி மாவில் கோடு இழுக்கும். கோட்டின் நீளம், மரத்தின் எடை, குண்டின் எடை மூன்றும் தெரிந்தால் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். கோட்டை அளந்து சொல்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற பிரம்மச்சாரிகள் மாட்னி ஷோவுக்குப் போக, நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மாவின் முன்னால் குந்தியிருப்பேன்.

ஒருமுறை நான் ஸ்கேலை எடுப்பதற்குள் எங்கிருந்தோ வந்த ஆடு ஒன்று அன்றைய வேகம் முழுவதையும் நக்கிவிட்டுப் போய்விட்டது. நைனா ஆட்டைத் திட்டவில்லை. "ஸ்கேல முன்னாடியே கையில வெச்சிக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று என்னைத்தான் திட்டினார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. சுடச் சுட மரத்துக்குள் ஈயம் சேர்ந்து அதன் எடை ஏறும். ஆகையால் வாராவாரம் மரத்தை எடை போட வேண்டும். அவர் வேலை பார்த்த எடை மேடையோ லாரிக்கு மட்டும்தான் அசைந்து கொடுக்கும். அதனால் மரத்தைக் கைவண்டியில் ஏற்றி, திருவொற்றியூரில் காதர் பாயின் விறகு மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போவோம். அதாவது நான் தள்ளுவேன், நைனா கூட நடந்து வருவார்.

காதர் பாய் பொறுமைசாலி. ஆனாலும் ஒருநாள் பொங்கிவிட்டார்.

"நைனா, ஒரு வருசமா இதே கட்டைய கொண்டாந்துகினு கீற. விக்கிறியா, இல்ல எனக்கு வேடிக்க காட்றியா?"

"விக்கிறதுக்கா கொண்டாந்தேன்? போன வாரத்துக்கு இன்னிக்கி எவ்ளோ ஏறிகீது, அத்த சொல்லு."

"அதான் பேஜாரு. வெட்டிப் போட்ட கட்ட காஞ்சா எடை கொறையும். உன்து மட்டும் வாராவாரம் ஏறுது. இத்த பாத்த கஸ்டமர்லாம் என் தராசயே சந்தேகப்படறாங்கோ. நீ வேற மண்டிய பாத்துக்கோ."

நைனா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார். அன்றைய வேகத்தை வீட்டுக்குப் போய் ரோசக்காவிடம் சொன்னபோது அவர், "அதுல பாதி வேகத்துல மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தா போதும்" என்றார்.

இப்படி இருக்கும்போது சீமைத் தோட்டாக்கள் வருவது நின்றுபோனது. கிளப் மெம்பர்கள் கையிருப்பைப் பொத்திப் பொத்திச் சுட்டார்கள். நைனா மட்டும் வழக்கம்போல வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். செக்ரெட்டரிக்கு அது பொறுக்கவில்லை. பெரிய கம்பெனி ஆபீசரான அவர் நைனாவைக் கூப்பிட்டு, "வீட்டுல செஞ்ச தோட்டாவை எப்படி நம்பறது? எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்துல போகுதுன்னு கமிட்டி முன்னாடி நிரூபிச்சுக் காட்டுங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் டைம். முடியலைன்னா உங்க தோட்டா இனிமே இங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வேறு தோட்டாவும் கிடைக்காது என்பதால், தோற்றால் நைனாவின் ரைஃபிள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

வேறு யாராக இருந்தாலும் கலங்கியிருப்பார்கள். நைனா பூரித்துப்போனார். உலகத்திலேயே முதல் தடவையாக ஒருவர் அவரிடம் வேகத்தைக் கேட்டிருக்கிறார் இல்லையா. மிச்சம் இருந்த மருந்தையெல்லாம் போட்டு ஒரு வருஷத்துக்குக் காணும் அளவுக்கு ஒரு பெட்டி நிறையத் தோட்டா செய்தார். அதை முடிக்கும்வரை எங்கள் வீட்டில் யாருமே சரியாக மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போது பார்த்துப் புயல் அடித்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் கம்பமும் இல்லை, மரமும் இல்லை. கடல் வாரிக்கொண்டு போய்விட்டது. நைனா வாரக்கணக்கில் கரையோரமாகத் தேடி அலைந்தார். வேறு மரம் பார்க்கலாம் என்றேன். பெண்டாட்டி காணாமல் போனவனிடம் வேறு பெண் பார்க்கலாம் என்று சொன்னதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கெடு முடிவதற்கு முதல் நாள், சனிக்கிழமை, காதர் பாய்தான் தகவல் சொன்னார். "காத்திவாக்கத்துல தேசிங்குன்னு ஒரு புள்ளாண்டான். அவன் கட்டுமரம் நேரா போவ மாட்டேங்குதாம். துடுப்பு போட்டுப் போட்டு கையி வுட்டுப்போச்சாம்."

"எந்தப் பக்கம் சாயுதாம்?"

"இடப்பக்கம் மூக்கு முங்குதாம்."

நைனா தோட்டாப் பெட்டியையும் ரைஃபிளையும் எடுத்துக்கொண்டார். "அது என் மரம். ஈயம் அதோட மொகத்துலதான கீது. இட்டாந்து இன்னிக்கே தொங்கவுட்டுர்லாம், வா."

காத்திவாக்கத்தில் கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போட்டிருந்தார்கள். நைனா தன் மரத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். குண்டு ஓட்டைகளை வண்டு துளைத்தது என்று நினைத்துத் தார் பூசியிருந்தான் தேசிங்கு. கடல் கொடுத்த மரம் என்று எடுத்துக் கட்டியிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பேராகத் தூக்கினால் மரம் எங்களுடையது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் குடிசை வாசலில் சத்தமாக இருந்தது. புதுத்தாலியோடு ஒரு இளம்பெண் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எதிரில் தேசிங்கின் அம்மா.

"இவ காலு வெச்ச நாள்லேர்ந்து மரம் ஒரு பக்கமா இஸ்துகினு போவுது. எம் புள்ள கடைசியா கர ஏறுறான். அதுக்குள்ள மீனு வெல போயிடுது. ராசி கெட்டவ. இட்னு போய்யா உம் பொண்ண."

தேசிங்கு அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். புயல் வீசிய அதே வாரத்தில்தான் அவனுக்குக் கல்யாணமாம். மரமும் மருமகளும் ஒன்றாகக் கரை சேர்ந்திருக்கிறார்கள். பழி மட்டும் ஒருத்தி தலையில்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நானு மரத்துல ஏறனதே இல்ல. ஏறாத ஆளால மரம் எப்டி சாயும்?" என்றாள்.

மரத்தின் மேல் வைத்திருந்த கையை நைனா எடுத்தார். "இத்தினி பேர்ல இந்தப் பொண்ணு ஒண்ணுதான் கணக்கு பேசுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு நேரே அந்த அம்மாவிடம் போனார்.

"ராசி இல்லம்மா. அந்த மரத்துக்குள்ள என் ஈயம் கீது. ஒரு வருசமா சுட்டது."

"நீ யாரு? இவ அப்பன் இட்டாந்த ஆளா?"

ஈயத்தை நோண்டி எடுத்தால் மரம் பாழாகிவிடும். எங்கள் மரத்தை நாங்கள் தூக்கிக்கொண்டு போனாலோ, வந்த மரமும் இவளால் போச்சு என்று அதையும் அவள் கணக்கிலேயே எழுதுவார்கள். நான் இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் நைனா வலப்பக்கத்து மரத்தை மணல்மேட்டில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டார்.

"நீங்கல்லாம் பின்னாடி போங்க. இந்தப் பக்கமும் அதே ஈயம் ஏறணும். ஏறனதும் மரம் நேரா போனா, குத்தம் ஈயத்து மேலயா பொண்ணு மேலயான்னு ஒங்களுக்கே தெரியும்."

"கல்லு கட்னா போதாதா?" என்று தேசிங்கு கேட்டான்.

"அலையில அவுந்துரும். அப்பறம் மறுபடியும் இவ ராசின்னுவீங்க."

ஒரு கட்டுமரத்துக்கு மரண தண்டனை நிறைவேற்றியதைப் பார்த்தவர்கள் இந்த மாநிலத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். முதல் வெடிக்கே கரையிலிருந்த காக்கையெல்லாம் எண்ணூருக்குக் குடிபோயின. தேசிங்கின் அம்மா, "எம் புள்ள மரத்த சுடறானே" என்று வயிற்றில் அடித்துக்கொண்டார். நைனா கொஞ்சம் சுடுவார். மரங்களைச் சேர்த்துக் கட்டி தேசிங்கு கடலில் இறக்கிப் பார்ப்பான். "இன்னும் சாயுது நைனா" என்று கத்துவான். மறுபடி அவிழ்ப்பார்கள், மறுபடி சுடுவார். சூரியன் இறங்க இறங்கப் தோட்டாப் பெட்டியும் காலியாகிக்கொண்டே வந்தது. அழுதுகொண்டிருந்த பெண் இப்போது தகரப் பெட்டியை விட்டு எழுந்து வந்து, ஒவ்வொரு தடவையும் மரத்தின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து தோட்டா மிச்சம் இருக்கும்போது மரம் ஏறக்குறைய நேராகப் போனது. நான் நைனாவின் காதில், "போதும் நைனா. இந்த அஞ்சும் நாளைக்கு வேணும்" என்றேன். அவர் காதில் பஞ்சு இருந்ததோ என்னவோ, அந்த ஐந்தையும் சுட்டார்.

அதற்குப் பிறகு தேசிங்கு துடுப்புப் போட்ட அழகைச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து கயிறு பிடித்து இழுத்ததுபோல மரம் நேரே போய், நேரே திரும்பி வந்தது. அவனுடைய அம்மா மரத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தகரப் பெட்டியைத் தூக்கிக் குடிசைக்குள் வைத்துவிட்டு, சம்பந்தியிடம், "சாப்ட்டுட்டுப் போ" என்றார்.

மறுநாள் கமிட்டி வந்தது. மரம் இல்லை, தோட்டா இல்லை, மருந்தும் இல்லை. செக்ரெட்டரி, "உங்க தோட்டாவோட வேகம் என்ன?" என்று கேட்டார்.

"கடைசியா சுட்டத அளக்கல சார்" என்றார் நைனா.

கதை முழுவதையும் நான் சொல்லிப் பார்த்தேன். கட்டுமரத்தைச் சுட்டோம் என்பது எங்களுக்குச் சாதகமான வாதமாக இல்லை. இனிமேல் அவருடைய தோட்டா கிளப்புக்குள் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கமிட்டி மேல் இருந்ததையும் சேர்த்து நைனா மேல் காட்டினேன். "அதான் நேரா போச்சே. அந்த அஞ்சையாவது வச்சிருக்கலாம் இல்ல? வேற எதையாவது தொங்கவிட்டுக் காட்டியிருக்கலாமே" என்றேன்.

"அஞ்சு கொறச்சி வுட்டிருந்தா மரம் அஞ்சு தோட்டா அளவுக்கு சாஞ்சிகினு போயிருக்கும் தம்பி. அந்தப் பொண்ணயும் அஞ்சு தோட்டா அளவுக்குத் திட்டிகினு இருந்திருப்பாங்கோ" என்றார் நைனா.

எனக்கு அந்த மனுஷனை நடு ரோட்டிலேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கூச்சமாக இருந்ததால், ரைஃபிளை அவர் தோளிலிருந்து வாங்கி, கல்மண்டபம் வரைக்கும் நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.