இடம் மாறிய பெட்டியும் கடைமடைத் தண்ணீரும்

வருடங்களை மனப்பாடமாக வைத்திருப்பவனிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவான்.

நான் அந்த ரகம். ஸ்க்ராட்ச் என்று சிறுவர்களுக்கான கணினி மொழி ஒன்று உண்டு. எதையும் எழுத வேண்டாம். வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டினால் திரையில் பொம்மை ஓடும். பதிப்புக்குப் பதிப்பு அதில் எது எங்கே இடம் மாறியது என்று தேதியோடு குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. (என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு.)

எங்களுக்குக் கல்யாணமான வருடம் அது. மாமனாருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் கடைமடையில் நிலம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் தலைமடைக்காரர்கள் பாய்ச்சி முடித்த பிறகு, மிச்சம் இருந்தால்தான் இவருக்கு. அந்தத் தடவை மிச்சத்துக்குக் காத்திருந்தே அவருடைய சம்பா நாற்றங்கால் வெடித்துக்கொண்டிருந்தது. முறையை மாற்றி முதல் தண்ணீரைக் கடைமடைக்கு விடும்படி கேட்க ஊர்க்கூட்டம் கூட்டினார். "வாயால சொன்னா சண்டைதான் வருது மாப்ள. நீங்க அந்தப் பொம்மைய வச்சுக் காட்டுங்க" என்றார்.

பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் கூட்டம். பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உட்காரவே முடியவில்லை. வயரை இழுத்துப் பார்த்தேன், ஜன்னலை மூடினேன், திறந்தேன், மறுபடி வயரை இழுத்தேன். மனைவி கண்ணாலேயே அதட்டினாள்.

ஆனால் காட்சி பிரமாதமாக நடந்தது. பழைய முறையில் தண்ணீர் விட்டேன். கடைசி வயல் மட்டும் பழுப்பாகவே நின்றது. கடைமடைக் கட்டையை இழுத்து எல்லாவற்றுக்கும் மேலே மாட்டினேன். எல்லா வயலும் பச்சை. தலைமடையில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசும் கோவிந்தராசுவே, "நெசந்தான் போலருக்கு" என்றார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போது கோவிந்தராசு, ஒரு மரியாதைக்காகத்தான், கேட்டார்: "ஏன் தம்பி, என் மக படிச்ச பழைய பொஸ்தகத்துல இந்தப் படம் ஓடுற பெட்டி இடது பக்கம்ல இருந்துச்சு?"

அதுவரை இருந்த பதற்றம் எனக்குப் பறந்துவிட்டது. 2007இல் முதல் பதிப்பு வந்தபோது பெட்டி வலது பக்கம் இருந்தது, 2013இல் இரண்டாம் பதிப்பில் இடது பக்கம் போனது, 2019இல் மூன்றாம் பதிப்பில் மறுபடி வலது பக்கமே வந்துவிட்டது என்று கைகளால் வரைந்து காட்டி விளக்கினேன். மாமனார் இருமினார். ஜன்னல் வழியாகத் தூசி வருகிறதென்று நினைத்து அதை மூடிவிட்டுத் தொடர்ந்தேன்.

"அப்ப, மொதல்ல இருந்த எடத்துக்கே திரும்பி வந்துட்டாங்க?"

"ஆமாங்க, அதே இடந்தான்" என்றேன், மாணவன் சரியான விடை சொன்ன மகிழ்ச்சியில்.

கோவிந்தராசு எழுந்து எல்லோரையும் பார்த்தார். "அவ்வளவு படிச்சவங்களே மாத்திப் பாத்துட்டு, சரிப்படலன்னு பழைய எடத்துக்கு வந்துட்டாங்க. நமக்கு எதுக்குங்க இந்த வேலை? பழைய முறையே இருக்கட்டும்."

சிரிப்போடு கூட்டம் கலைந்தது. 2013இல் செய்த மாற்றங்களில் பல இன்றுவரை நிலைத்திருக்கின்றன என்று வாசல்வரை ஓடி ஓடிச் சொன்னேன். பைக்குகள் கிளம்பிவிட்டன. மாமனார் மட்டும் நின்று கேட்டார்.

நாற்றங்கால் காய்ந்து போனது. கோவிந்தராசு வயலில் மிஞ்சிய நாற்றைக் கேட்டு வாங்கித்தான் மாமனார் அந்தச் சம்பாவை நட்டார். நாற்றுக்கட்டுகளைத் தலைமடையிலிருந்து சுமந்து வந்தவன் நான். வரப்பில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் வலது பக்கம் ஒதுங்கச் சொன்னார்கள்.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் முறைக் கூட்டத்துக்கு முன்னால் கோவிந்தராசு எனக்குப் போன் செய்கிறார். "வந்துருவீங்கள்ல தம்பி? நீங்க பேசுனாத்தான் எங்களுக்குத் தெம்பு." அதே நாளில் மாமனாருக்குக் கும்பகோணத்தில் ஏதாவது அவசரமாக வாங்க வேண்டியிருக்கும், நான்தான் போக வேண்டியிருக்கும். போன வருடம் காபிப் பொடி. இந்த வருடம் ஒரு கவுளி வெற்றிலை. எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.